பழைய காரில் கூலன்ட் ஒழுகினால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி கேட்டவருடைய கார் 15 வருடம் பழையது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவு ரிசர்வ் டேங்கில் அடிக்கடி குறைகிறது, ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு முன் வீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாமா என்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் எங்கே ஒழுகுகிறது என்பதை உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இந்த வேலையில் கஷ்டமே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். அது தெரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் அரை நாள் வேலை.

என்னிடமும் ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. "ரேடியேட்டர் போயிடுச்சு சார், புதுசு போட்டுரலாம்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். இன்ஜின் நன்றாக ஆறியபிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டர் நன்றாகத்தான் இருந்தது. கீழ் ஹோஸ் ரேடியேட்டரின் கழுத்தில் ஏறுகிற இடத்தில், கிளிப்பை ஒட்டி, வெளிர்பச்சையாக உப்புப் பூத்திருந்தது. தொட்டால் ஈரமே இல்லை. விரலில் மாவு மாதிரி ஒட்டியது. கசிகிற கூலன்ட் சூட்டில் காய்ந்து இப்படிப் பொடியாகத்தான் நிற்கும். அதனால் ஈரத்தைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள்.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்துக்கு நேர் கீழே சொட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏசி ஓடியபின் முன் சீட்டுக்கு நேர் கீழே சொட்டுவது நிறமும் வாசனையும் இல்லாத வெறும் தண்ணீர். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூலன்ட்டுக்கு நிறம் உண்டு, பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாசனை வரும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். பல மூடிகளின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் வரை பிடித்து வைக்கும் என்பதன் அளவு அது. அந்த அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் விறைத்துப் போயிருந்தால் எங்கும் ஓட்டை இல்லாமலே கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குப் போய் வழிந்துவிடும். இருப்பதிலேயே மலிவான பாகம் இந்த மூடிதான். அப்புறம் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப். முன் சீட்டுக் கால்மிதி நனைந்து, கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனி படர்ந்தால், டேஷ்போர்டுக்குள் சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஹீட்டர் கோரில் கசிவு.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். கூலன்ட் நிறையக் குறைந்துவிட்டால் சென்சார் திரவத்தில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்குவதும் உண்டு. இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும். சரிசெய்கிற வரை தினமும் காலையில் அளவைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

ஹோஸ் மாற்றுவது இப்படி. இன்ஜின் கைக்குச் சூடே தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்தபிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும், அதனால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அடியில் அகலமான பேசினை வைத்து வடியவிடுங்கள்.

பழைய ஹோஸ் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் கழுத்து உடையும், அப்போது நிஜமாகவே ரேடியேட்டர் வாங்க வேண்டிவரும். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள், ஆனால் கழுத்தில் கீறல் விழக்கூடாது. கழுத்தில் படிந்த உப்பை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். இதை விட்டால் புது ஹோஸும் ஒழுகும். கடைக்குப் போகும்போது பழைய ஹோஸைக் கையோடு எடுத்துப் போங்கள், வளைவு அச்சாக ஒத்துப்போக வேண்டும். சென்னையில் இருந்தால் ஜி.பி. ரோட்டில் எவ்வளவு பழைய மாடலுக்கும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஹோஸ் ஏறவில்லை என்று ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள், அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். கொஞ்சம் கூலன்ட்டையே தடவினால் போதும். கிளிப் கழுத்தின் மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். கிளிப்பும் புதிதாகவே போடுங்கள்.

நிரப்புவதற்கு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், உலோகத்தை அரிக்கும். கலந்தே வரும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஒரே பச்சையில் வேறு வேறு வகை வருகிறது. வண்டியின் கையேட்டில் எந்த வகை போட்டிருக்கிறதோ அதுதான்.

காற்றை வெளியேற்றுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். டேஷ்போர்டில் நாம் தொடவே தொடாத அந்த ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வையுங்கள். பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டி, ஆறிய இன்ஜினில் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிட்டால் குமிழ் குமிழாக வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் அடங்கியதும் மூடியைப் போட்டு, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை ஓடவிடுங்கள். சில மாடல்களில் காற்று விட தனி ஸ்க்ரூ இருக்கும். மூடி ரிசர்வ் டேங்கிலேயே இருக்கும் வண்டிகளில் அங்கே ஊற்ற வேண்டும்.

மஞ்சள்தூள் போட்டால் அடைபடும் என்பார்கள். நடுவழியில் மாட்டிக்கொண்ட லாரி டிரைவருக்கு அது சரி. வீட்டில் நிற்கும் வண்டிக்கு மஞ்சளும் வேண்டாம், கடையில் விற்கும் லீக் பவுடரும் வேண்டாம். ஓட்டையை அடைக்கிற அதே பொருள் ஹீட்டர் கோரையும் அடைக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் என்றால் எம்-சீல் பூசியும் பயனில்லை, சூட்டிலும் அழுத்தத்திலும் பிய்ந்து வரும். அந்த ஒரு நிலையில் ரேடியேட்டர் மாற்றச் சொன்னவர் சொல்வது சரி.

வடித்த கூலன்ட்டைத் தெருவிலோ செடியிலோ கொட்டாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். கேனில் மூடி, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். தரையில் சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப்பை வீட்டில் தொட வேண்டாம். வெளியே எங்கும் கறை இல்லாமல் கூலன்ட் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஆயில் பால் கலந்த மாதிரி ஆகியிருந்தாலோ ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வண்டியை ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.