கிளச்சா, கட்டைவிரலா?

கேள்வி: அண்ணை, எனக்கு 54 வயது. ஒன்ராறியோவில் ஏஜாக்ஸில் இருக்கிறேன். ஊரில் படிக்கிற காலத்தில் அப்பாவின் ஹொண்டா சாலி ஓட்டினேன். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் தொட்டதில்லை. இப்போது கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி என்ற மூன்று சில்லு வண்டி, பழையது ஒன்று வாங்க ஆசை. 2015ஆம் ஆண்டு வண்டிகள் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கிளச் பிடித்து ஓட்டும் மனுவல், மற்றது கிளச் லீவர் இல்லாமல் கியரை மட்டும் நாம் மாற்றும் செமி ஓட்டோ. மனுவல் 1500 டொலர் மலிவு. என் கணவர் வருடக்கணக்காக இரண்டு சில்லு வண்டி ஓட்டுகிறவர். மனுவலில்தான் ஓட்டம் இருக்கிறது என்கிறார். எனக்கு இடது மணிக்கட்டில் நோ. எதை எடுக்கட்டும்?
— ஏஜாக்ஸ் வாசகி

பதில்: செமி ஓட்டோவை எடுங்கள், தங்கச்சி. 1500 டொலர் கூடக் கொடுத்தே எடுங்கள். மணிக்கட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. நோ இல்லாத கை என்றாலும் உங்களுக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டு சில்லு வண்டியில் கிளச்சுக்கு இரண்டு வேலை. ஒன்று கியர் மாற்றுவது. மற்றது, வண்டி ஊர்ந்து போகும்போது அதை விழாமல் பிடித்து வைப்பது. நெரிசலிலும், ஒடுங்கிய ஒழுங்கையில் திருப்பும்போதும் அரைக் கிளச் பிடித்து, பின் பிறேக்கை இலேசாக மிதித்துக்கொண்டு நகர்வோமே, அதுதான். உங்கள் கணவருடைய கை இத்தனை வருடமும் பழகியது அந்தக் கலை. அவர் அதை மதிப்பது நியாயம். ஆனால் ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று. சிவப்பு விளக்கில் நின்றால் காலைக் கீழே ஊன்றவே தேவையில்லை. கிளச்சின் அந்த இரண்டாவது வேலை இந்த வண்டியில் இல்லவே இல்லை.

அதே நேரம் உங்கள் கைகளுக்கு வேறொரு வேலை வந்து சேருகிறது. இரண்டு சில்லு வண்டி வளைவில் சாயும், நாமும் அதோடு சாய்வோம். ஸ்பைடர் சாயாது. ஹாண்டிலைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும், உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். பவர் ஸ்டியரிங் இருக்கிறது, ஆனாலும் நெடுஞ்சாலைக்கு ஏறுகிற வட்டமான வளைவுகளில் இரண்டு கையும் ஹாண்டிலில் உறுதியாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கியரைக் குறைக்க நான்கு விரலையும் விரித்து லீவரை இழுப்பதைவிட, பிடி விடாமல் ஒரு விரலால் தட்டுவது எவ்வளவோ நல்லது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது பாதுகாப்பு விஷயம். நான் இந்தப் பக்கம் நிற்பதற்கு முதல் காரணமே இதுதான்.

ஓட்டும் முறை உங்களுக்குப் புதிது இல்லை. சாலியில் கிளச் லீவர் இருந்ததா? இல்லை. என்ஜின் சுற்று கூடினால் கிளச் தானாகப் பிடிக்கும், குறைந்தால் தானாக விடும். கியரை மட்டும் காலால் மாற்றுவோம். ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். ஊரில் யுத்த நேரம் பெற்றோல் தட்டுப்பாட்டில், பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய அந்தக் காலத்திலும் இந்த அமைப்பு நம்மைக் கைவிடவில்லை. ஸ்பைடரின் செமி ஓட்டோவும் புறப்படும்போதும் நிற்கும்போதும் இதே மாதிரிச் சுற்றை வைத்துத்தான் வேலை செய்கிறது. கியரை மட்டும் மின்சார உத்தரவில் ஒயில் அழுத்தம் மாற்றிவிடும். இடது பிடிக்குக் கிட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் கியர் ஏறும், சுட்டுவிரலால் இழுத்தால் இறங்கும். ஆறு கியர்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கியர் தானாக இறங்கும், தானாக ஏறாது. நீங்கள் வேகம் குறைத்து நிற்கப் போனால் வண்டியே ஒவ்வொன்றாகக் குறைத்து முதலாம் கியருக்கு வந்துவிடும். ஆனால் அதையே நம்பி ஓட்டுவது நல்ல பழக்கம் இல்லை. அது கடைசி நேரத்தில், சுற்று நன்றாகக் குறைந்த பிறகுதான் இறக்கும். வளைவுக்கு முன்பே நீங்களே இறக்கிவிட்டால் என்ஜினும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் திணறத் திணற ஓட்டவும் கூடாது.

இனி, செமி ஓட்டோ கேட்கிற கவனிப்பு. மனுவலை மேட்டில் நிறுத்தினால் என்ஜினை நிறுத்தி முதலாம் கியரில் விட்டுப் போகலாம், கியர் பிடித்துக்கொள்ளும். செமி ஓட்டோவில் சுற்று இல்லையென்றால் கிளச் பிடிக்காது. முதலாம் கியரில் விட்டாலும் வண்டி உருளும். 400 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி அது. இறங்குமுன் பார்க்கிங் பிறேக் போடுவது ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும், சமதரையிலும்கூட. அப்புறம் பற்றரி. நமது ஒன்ராறியோக் குளிரில் மாதக்கணக்காக கராஜில் கிடக்கும். சார்ஜ் குறையாமல் வைத்திருக்கும் சிறிய சார்ஜரை மாட்டிவையுங்கள். ஒயில் மாற்றும்போது செமி ஓட்டோவுக்கு இன்னொரு பில்டர் கூடுதலாக உண்டு. விற்பவரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு, இரண்டு பில்டரும் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றைத்தான் மாற்றியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முதலாம் கியர் விழும்போது 'டக்' என்ற சத்தம் வரும், அது இயல்பு. மெதுவாகப் புறப்படும்போது வண்டி உதறினால் அதை வாங்காமல் விட்டுவிடுங்கள். கணவர் மனுவலையும் ஓட்டிப் பார்க்க விரும்பினால், மேல் கியரில் அக்சிலேட்டரைத் திடீரென்று முறுக்கட்டும். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தேய்ந்துவிட்டது. பிறகு 1500 டொலர் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் ஏறுமுன் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். ஸ்பைடரில் கைப்பிறேக் லீவர் கிடையாது. வலது காலில் ஒரே மிதி, அது மூன்று சில்லையும் சேர்த்துப் பிடிக்கும். பல வருடம் ஓட்டியவரின் வலது கை அவசரத்தில் லீவரைத் தேடும். ஆள் இல்லாத வெளியில் பத்துப் பதினைந்து முறை நிறுத்திப் பழகிவிட்டுத் தெருவுக்கு வரட்டும். சாலியில் கைப்பிறேக் பிடித்த உங்களுக்கும் இதே பயிற்சி வேண்டும்.

கணவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மலைப்பாதையில், ஒவ்வொரு கியரையும் கையும் காலும் சேர்ந்து போடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அமைப்பும் எளிது. கேள்வி கேட்டவர் அவராக இருந்தால் மனுவலை எடுங்கள் என்று எழுதியிருப்பேன். ஆனால் வண்டி உங்களுடையது. மாலையில் 401 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி நிற்கப்போவது உங்கள் மணிக்கட்டு.

லைசென்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கார் ஓட்டும் ஜி லைசென்ஸ் இதற்குப் போதாது, எம் வகை வேண்டும். அதன் முதல் கட்டமான எம்1இல் இருட்டில் ஓட்ட முடியாது, பின்னால் ஆள் ஏற்ற முடியாது, 401 போன்ற பெரிய நெடுஞ்சாலைகளில் ஏறவும் முடியாது. மூன்று சில்லு வண்டியில் பரீட்சை கொடுத்தால் மூன்று சில்லு வண்டிக்கு மட்டுமே செல்லுபடியாகும் லைசென்ஸ் கிடைக்கும். உங்களுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: கியரே வேண்டாம் என்பவர்களுக்கு மூன்று சில்லில் என்ன இருக்கிறது?
— மொன்றியல் வாசகர்

பதில்: அதே கேன்-ஆமின் ரைகர். 2019 மாடலாக வந்தது, 600, 900 என்று இரண்டு என்ஜின். முழு ஓட்டோ, முறுக்கினால் போகும். ஸ்பைடரைவிடப் பாரம் குறைவு, விலையும் குறைவு. ஒருவர் ஊருக்குள் சுற்றிவர நல்லது. இரண்டு பேராகக் கியூபெக்கிலிருந்து நோவா ஸ்கோஷியா வரை பெட்டியோடு போக நினைக்கிறீர்கள் என்றால் ஆர்டிதான் சரி.