ஸ்போர்ட்ஸ் காரை அதன் எல்லைவரை ஓட்டப் பழகுவது எப்படி?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை (கார் வழுக்கினால் தானாகத் தலையிட்டுச் சரிசெய்யும் மின்னணு அமைப்பு) அணைத்துவிட்டு ஓட்டினால்தான் உண்மையாகக் கற்க முடியும் என்கிறார்களே, அது சரியா என்று. இப்போதைக்கு அந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். பந்தயக்காரன் எல்லாம் இல்லை, ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்துக்கொண்டு லீவு நாளில் டிராக்குக்குப் போகிற ஆள். புதிதாக வருகிற நண்பர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: மிதிக்க எல்லாருக்கும் தெரிகிறது, காலை எடுக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்தும் சரி, பிரேக்கிலிருந்தும் சரி, காலை எவ்வளவு மெதுவாக, எந்த நேரத்தில் எடுப்பது என்று பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

டயரை வைத்து ஆரம்பிக்கலாம். ஒரு டயர் தரையைப் பிடிக்கிற பிடிக்கு ஒரு அளவு உண்டு, அது மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்குச் செலவழித்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. முழு பிரேக்கையும் அழுத்திக்கொண்டே ஸ்டீரிங்கை ஒடித்தால் கார் நேராகப் போவதற்குக் காரணம் இதுதான். அப்புறம், அந்தப் பிடி நான்கு டயருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிரேக் போட்டாலோ ஆக்சிலரேட்டரை விட்டாலோ எடை முன்பக்கம் சாயும், முன் டயர் அழுந்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நேர் எதிர். அதாவது உங்கள் வலது கால் வேகத்தை மட்டும் மாற்றவில்லை, எந்த டயருக்கு எவ்வளவு பிடி என்பதையும் அதுதான் பங்கு பிரிக்கிறது.

இதை ஊரறிய நிரூபித்த கார் போர்ஷே 911. 1963-ல் ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் முதலில் காட்டியபோதே இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, கிட்டத்தட்ட 60 சதவீத எடை பின்னால். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, ஐயோ அதிகம் போய்விட்டோம் என்று பயந்து சட்டென்று காலை எடுப்பார்கள். எடை முன்னால் ஓடும், பின் டயர் பிடியை விடும், அந்தக் கனமான பின்பகுதி சுற்றிக்கொண்டு வெளியே வீசும். 1969 மாடலில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டியதற்கு இந்தக் குணத்தை அடக்குவது ஒரு முக்கியக் காரணம். இப்போதைய 911 எவ்வளவோ சாது. ஆனால் வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் லேசாவது எந்தக் காருக்கும் பொருந்தும், உங்கள் வீட்டு ஸ்விஃப்ட் உட்பட.

பயப்படும்போது கால் தானாக மேலே வந்துவிடும், அதை அறிவால் தடுக்க முடியாது. பழக்கத்தால்தான் முடியும், பழக ஏற்ற இடம் ஈரத்தரை. இங்கே ஏடிஏசி என்ற ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் பயிற்சி மையங்களில் வழுக்குகிற தளம் போட்டு அதன்மேல் தண்ணீர் ஓடவிட்டிருப்பார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள்: 30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் விட ஆரம்பிக்கும். வழுக்குத் தளத்தில் அதே வட்டத்தில் 35-லேயே விட்டுவிடும். அதே பாடம், ஆனால் காருக்குள் இருக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குதான். சுற்றினாலும் இடிக்க எதுவும் இல்லை, வெட்கம் மட்டும்தான்.

அந்த வட்டத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரே சீராக வட்டமடித்துக்கொண்டு வேகத்தை ஒவ்வொரு கிலோமீட்டராகக் கூட்டுகிறீர்கள். முதலில் ஸ்டீரிங் கையில் கனமாக இருக்கும், பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று லேசாகும், எண்ணெயில் சுற்றுவது போல. முன் டயர் விட்டுவிட்டது என்று அர்த்தம். கை இன்னும் திருப்பச் சொல்லும், திருப்பாதீர்கள். ஸ்டீரிங்கைத் துளி நேராக்கி, ஆக்சிலரேட்டரைத் துளி குறைத்தால் மறுபடி கனம் திரும்பும். இப்போது வேண்டுமென்றே காலைப் பட்டென்று எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் விலகுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இடுப்பில் தெரியும், சீட் பக்கவாட்டில் நழுவுகிற மாதிரி. அப்போது கண் எங்கே போகிறதோ கை அங்கேதான் போகும், அதனால் தலையைத் திருப்பி நீங்கள் போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஸ்டீரிங் கொடுப்பது பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது. ஆனால் கொடுத்த ஸ்டீரிங்கைத் திரும்ப எடுப்பதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். பின் டயர் மறுபடி பிடித்த நொடியில் முன்சக்கரம் இன்னும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், கார் முதல் முறையைவிட மோசமாக மறுபக்கம் வீசும். யூடியூபில் பார்க்கிற விபத்துகளில் பல இந்த இரண்டாவது வீச்சுதான்.

சில மையங்களில் தரையில் ஒரு அசையும் தகடு இருக்கும். நீங்கள் அதைக் கடக்கும்போது பின்சக்கரத்தை இடமோ வலமோ இழுத்துவிடும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. நூறு வீடியோ பார்ப்பதைவிட இதில் அரை மணி நேரம் பழகுவது மேல்.

அடுத்தது பிரேக். நேர்ச்சாலையில் முழுதாக அழுத்துவதை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் புண்ணியத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். வளைவுக்குள் கார் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கைப் படிப்படியாக விடுவதுதான் வேலை, டிரெயில் பிரேக்கிங் என்பார்கள். ஸ்டீரிங் எவ்வளவு கூடுகிறதோ அந்த அளவுக்கு பிரேக் குறைய வேண்டும், சட்டென்று விட்டால் முன்பக்கம் மேலே எழும்பி, திரும்ப வேண்டிய கார் அகலமாக வெளியே போகும். முதலில் இதைப் பாதி வேகத்தில் பழகுங்கள், லேப் டைம் பக்கம் போகவே வேண்டாம்.

கார் எது என்பதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது: முதல் கார் சக்தி குறைந்ததாக, டயர் சுமாரானதாக இருக்கட்டும். 2012-ல் வந்த டொயோட்டா 86-க்கு 200 குதிரைத்திறன். பல நாடுகளில் அதற்கு டொயோட்டா மாட்டிக் கொடுத்தது ப்ரியஸுக்கும் வந்த அதே வகை மிஷலின் டயர், வேண்டுமென்றே. பிடி குறைவு என்பதால் எல்லை குறைந்த வேகத்திலேயே வந்துவிடும், வரும்போது முனகி எச்சரித்துவிட்டு வரும். பந்தய டயர் நிறைய தாங்கும், தாங்கி முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். 500 குதிரைத்திறன் காரில் அதைப் போட்டுக்கொண்டு கற்க வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம்ம நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் காரில் ஃபார்முலா ஒன் ஓட்டினார், அவர் தொடங்கியது மாருதி இன்ஜின் போட்ட சின்ன ஃபார்முலா காரில்.

சரி, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். அது வேலை செய்யும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும். அணைத்துவிட்டால் அந்த வாத்தியார் போய்விடுவார். விளக்கு மின்னிய ஒவ்வொரு முறையும் அந்த நொடியில் கால் என்ன செய்தது, கை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். அதே வேகத்தில் விளக்கு மின்னாமல் ஒரு டிராக்கைச் சுற்ற முடிகிறது என்றால், அப்போது அது கொஞ்சம் தாமதமாகத் தலையிடும் ஸ்போர்ட் மோடுக்குப் போகலாம். முழுதாக அணைப்பது ஈர வட்டத்தில் மட்டும், அதுவும் பயிற்சியாளர் இருக்கும்போது.

எங்கே பழகுவது? ஜெர்மனி என்றதும் எல்லாரும் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே என்ற பந்தயப் பாதையைத்தான் சொல்வார்கள். காசு கட்டினால் யாரும் உள்ளே போகலாம்தான், ஆனால் அந்த நேரத்தில் அது சட்டப்படி பொதுச்சாலை, தடுப்புக் கம்பியை இடித்தால் கம்பிக்கும் பில் உங்களுக்குத்தான் வரும். அதைவிடப் பெரிய குறை, ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். ஒரு வளைவில் செய்த தப்பைத் திருத்த அதே வளைவு மறுபடி வர பத்து நிமிடம் ஆகும், அதற்குள் மறந்துவிடும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், இரண்டு நிமிடத்துக்குள் அதே வளைவு திரும்ப வந்து நிற்கும். கற்பதற்கு அதுதான் நல்லது. சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, அது 3.7 கிலோமீட்டர், கொஞ்சம் வேகமான டிராக், இரண்டாவதாகப் போங்கள். உங்கள் காப்பீடு டிராக்கில் செல்லுமா என்று பாலிசியைப் படித்துவிட்டுப் போங்கள், பெரும்பாலும் செல்லாது.

போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். புது டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் உறிஞ்சிய பழையது 155-லேயே கொதித்துவிடலாம், கொதித்தால் பெடல் தரைவரை போகும். டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும், நடுநடுவே அளந்து இறக்குங்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுங்கள், நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.