படித்துறையில தெரிஞ்ச வெளிச்சம்

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரு இருவது வருசமா கருப்புச் சட்டைக்காரரு, எங்க கல்யாணமே தாலி இல்லாத சுயமரியாதைக் கல்யாணந்தான். போன மாசம் எங்க அம்மாவ குறுக்குத்துறை முருகன் கோயில்ல விட்டுட்டு எப்பவும்போல உள்ள வராம படித்துறையில இருந்தாரு. நாங்க திரும்பி வந்தா செருப்ப கையில பிடிச்சமேனிக்கு அழுதுட்டு இருக்காரு. ஆறு, கல்லு, குளிக்கிற ஆளு எல்லாம் ஒரே வெளிச்சமா தெரிஞ்சுது, யாரோ பக்கத்துல இருந்தாவன்னு மட்டுந்தான் சொன்னாரு. இப்ப தெனமும் விடியக்காலம் அங்க போயி உக்காந்துட்டு வாராரு. தோழர்மாரு கிண்டல் பண்ணுதாவ, அம்மா திருச்செந்தூர்ல மொட்ட போடணும், தாலியும் கட்டணும்னு நிக்காவ. இது பக்தியா கிறுக்கா? (வண்ணாரப்பேட்டை வாசகி)

பதில்: கிறுக்கு இல்லம்மா, பயப்படாத. பாரிஸ்ல ஆந்த்ரே ஃபிரொஸார்னு ஒருத்தர், அவங்க அப்பா பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சியோட முதல் பொதுச்செயலாளர், சாமிங்கிற பேச்சே இல்லாத வீடு. 1935 ஜூலை 8ஆம் தேதி, இருவது வயசு, பிரண்டுக்காக வெளிய காத்திருந்து பொறுமை போயி அவன தேடி ஒரு சின்ன சர்ச்சுக்குள்ள நுழைஞ்சாரு, சாயங்காலம் 5.10க்கு உள்ள போனவரு 5.15க்கு வெளிய வரும்போது கத்தோலிக்கர். வீட்ல பயந்துபோயி டாக்டர்கிட்ட காட்டுனாங்க, அந்த டாக்டரும் நாத்திகர்தான், கவலப்பட ஒண்ணுமில்லன்னுட்டாரு. அத புத்தகமா எழுதுனது 1969ல, முப்பத்துநாலு வருசம் கழிச்சு! உன் வீட்டுக்காரரு ஒரு மாசத்துல எல்லாத்தயும் சொல்லிரணும்னு எப்படிம்மா எதிர்பாக்க முடியும்?

இன்னொரு பக்கமும் இருக்கு. ஏ.ஜே. அயர்னு இங்கிலாந்து தத்துவ பேராசிரியர், 1988ல ஆஸ்பத்திரியில மீன் துண்டு தொண்டையில அடைச்சு நாலு நிமிசம் இதயம் நின்னுபோச்சு, அந்நேரம் ஒரு சிவப்பு வெளிச்சத்த பாத்தேன்னு அவரே எழுதுனாரு, ஆனா கடைசிவர நாத்திகராவே இருந்தாரு. அதனால பாத்தது ஒண்ணு, அதுக்கு என்ன அர்த்தம்ங்கிறது வேற, அத அவருதான் முடிவு பண்ணணும், தோழர்மாரும் இல்ல உங்க அம்மாவும் இல்ல.

ஒண்ணு மட்டும் கவனி. தலவலி, நெனவு தப்புறது, நேரம் போனதே தெரியாம வெறிச்சு உக்காந்திருக்கறதுன்னு எதாவது இருந்தா நரம்பு டாக்டர பாத்துருங்க, ஒருவக வலிப்புலயும் ஒத்தத் தலவலியிலயும் இப்படி வெளிச்சம் தெரியும். டாக்டர்கிட்ட போறதால அவரு பாத்தத பொய்யின்னு சொல்லுதோம்னு ஆகாது, அத அவருகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லு.

மொட்டையெல்லாம் அவரு வாயத் தொறந்து கேட்டா பாத்துக்கலாம், அதுவர அம்மாவ நான் சொன்னேன்னு சொல்லி நிறுத்தி வையி. தாலி விசயத்துல எனக்கு கோவமே வருது. 1967ல அண்ணா கொண்டுவந்த சட்டப்படி உங்க கல்யாணம் முழுசா செல்லும், இத்தன வருசம் நீங்க வாழ்ந்தது ஒண்ணும் கொறச்சல் இல்ல. நாளைக்கு விடியக்காலம் அவரு கெளம்பும்போது நானும் வரட்டான்னு கேளு. சரின்னா போயி பக்கத்துல உக்காரு, ஒண்ணும் கேக்காத, ஆத்த பாத்துட்டு வா.