ஒரு பேப்பரில் தோற்றதற்காகப் படிப்பையே மாற்ற வேண்டாம்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தையும் மகளின் விடைத்தாள் நகலையும் இரண்டு முறை படித்தேன். "இவளுக்குக் கணக்கே வராது, உணவுத் தொழில்நுட்பத்தில் சேர்த்தது தப்போ" என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. பெருக்கல், வகுத்தல், சமன்பாடு எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். சறுக்கியது வேறு இடத்தில்: உள்ளே போன பொருளும் வெளியே வந்த பொருளும் ஒத்துவருகிறதா என்று பார்க்கும் ‘பொருள் சமநிலை’க் கணக்கில்.

மூன்றாம் கேள்வியைப் பாருங்கள். பழத்துண்டுகள் 100 கிலோ, ஈரம் 80 சதவீதம். ஈரம் 10 சதவீதம் ஆகும்வரை உலர்த்தினால் எவ்வளவு நீர் வெளியேறும்? மகள் 80-இல் 10-ஐக் கழித்து 70 கிலோ என்று எழுதிவிட்டாள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் முதலில் இதைத்தான் எழுதுவார்கள். அந்த 80 சதவீதம் நூறு கிலோவுக்குச் சொன்னது. 10 சதவீதமோ உலர்ந்த பிறகு மிஞ்சும் எடைக்குச் சொன்னது. மொத்தமே வேறு வேறாக இருக்கும்போது எப்படிக் கழிக்க முடியும்? உலர்த்தியில் நீர்தான் போகிறது. நீரல்லாத 20 கிலோ திடப்பொருள் அப்படியே நிற்கிறது. முதலில் மொத்தத்தில் 20 சதவீதமாக இருந்தது, கடைசியில் 90 சதவீதம் ஆகிவிட்டது. ஆகவே கையில் கிடைப்பது 20-ஐ 0.9-ஆல் வகுத்தால் வரும் 22.2 கிலோ, வெளியேறிய நீர் 77.8 கிலோ.

இனிமேல் எந்தக் கணக்கானாலும் முதலில் ஒரு பெட்டி வரையச் சொல்லுங்கள். உள்ளே போவதற்கு ஒரு அம்பு, வெளியே வருவதற்கெல்லாம் தனித்தனி அம்பு. ஒவ்வொரு அம்பின் மேலும் தெரிந்த எடையையும் சதவீதத்தையும் எழுதி, மாறாமல் நிற்கும் பொருள் எது என்று தேட வேண்டும். அதற்குப் பிறகுதான் சமன்பாடு. இவள் பெட்டி வரையாமலே சமன்பாட்டுக்குத் தாவியிருக்கிறாள்.

பொருள் சமநிலை கைக்கு வந்துவிட்டால், இதே கணக்கை வெப்பத்துக்குப் போடும் ஆற்றல் சமநிலை தானாகத் தொடரும். 60 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2358 கிலோஜூல் வேண்டும். 77.8 கிலோவுக்குச் சுமார் 1,83,000 கிலோஜூல். மின்சாரமாகச் சொன்னால் 51 யூனிட். உண்மையான உலர்த்தி இதைவிட அதிகமாகவே இழுக்கும். வெளியேறும் சூடான காற்றோடும், உறை போடாத குழாய் வழியாகவும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். எங்கே எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவரைத்தான் தொழிற்சாலை தேடுகிறது.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கும் இதே உதாரணம் போதும். 22.2 கிலோ வரவேண்டிய இடத்தில் 20.8 கிலோதான் வந்தது என்று வையுங்கள். கணக்கு தெரியாதவர் பொருள் சிந்திவிட்டது என்பார். தெரிந்தவர் முதலில் ஈரத்தை அளப்பார்: 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் ஒன்றும் சிந்தவில்லை, தேவைக்கு மேல் உலர்த்தியிருக்கிறார்கள். விற்க வேண்டிய எடையில் 1.4 கிலோ காற்றோடு போனது, அதை ஆவியாக்கச் செலவான எரிபொருளும் வீண். உற்பத்திப் பிரிவு, செயல்முறை வடிவமைப்பு, ஆற்றல் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் ஆற்றல் தணிக்கை, உலர்த்தியும் ஆவியாக்கியும் செய்து விற்கும் நிறுவனங்கள் என எங்கே நேர்காணலுக்குப் போனாலும் இந்த மாதிரி கேள்வி வரும்.

முயன்று பார்த்தும் மனம் ஒட்டவில்லை என்றால் நுண்ணுயிரியல், தரக்கட்டுப்பாடு, உணவுப் பாதுகாப்பு பக்கம் போகலாம்; அவையும் நல்ல வேலைகள்தான். ஆனால் அந்த முடிவு ஒரு அரியரைப் பார்த்துப் பயந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. கடிதம் முழுக்க நீங்கள்தான் பேசியிருக்கிறீர்கள், மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளிடம் கேளுங்கள்.

அதோடு இந்த வாரக் கடைசியில் ஒன்று செய்யுங்கள். ஆப்பிளை மெல்லிசாக நறுக்கி, கிராம் காட்டும் தராசில் 200 கிராம் எடுங்கள். அதில் ஈரம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓவனில் குறைந்த சூட்டில் வைத்து, அரை மணிக்கு ஒருதரம் எடுத்து எடை போடட்டும். தராசு 40 கிராம் காட்டும்போது, இப்போது ஈரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பெட்டி வரைந்து, 30 கிராம் திடப்பொருளைப் பிடித்து, 25 என்று சொல்லிவிட்டாளானால் அந்தப் பேப்பருக்கு மறுபடி பணம் கட்டிவிடுங்கள்.