பாட்டியின் பாஸ்டன் போஸ்ட்கார்டு: எந்த வருடம், என்ன விலை, லேமினேட் செய்யலாமா?

வேலூர் கொசப்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சி.எம்.சி.யில் நர்ஸாக இருந்த பாட்டியின் டிரங்குப் பெட்டியில், இங்கே வேலை பார்த்த அமெரிக்க டாக்டரம்மா ஊரிலிருந்து எழுதிய போஸ்ட்கார்டு கிடைத்தது. பாஸ்டனில் உள்ள, அமெரிக்க விடுதலைப் போர் வீரர் பால் ரெவரே வீட்டின் கலர் படம். தபால்தலையை யாரோ பிய்த்துவிட்டதால் முத்திரையும் இல்லை. எந்த வருடத்தது, விலை போகுமா, லேமினேட் செய்து மாட்டலாமா?"

லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பசை அட்டைக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் பிரிக்க வழியில்லை, டாக்டரம்மாவின் மையும் அதோடு போய்விடலாம்.

வருடத்துக்குப் படத்தை நம்பாதீர்கள். அந்த வீடு 1680 வாக்கில் கட்டியது, 1908-ல் மியூசியமாகத் திறந்தார்கள், அதற்கு முந்தைய சீரமைப்பில்தான் பிற்காலத்தில் ஏற்றிய மூன்றாவது தளத்தை இறக்கினார்கள். ஆக, இரண்டு தளமும் சரிவான கூரையும் சின்னச் சின்னக் கண்ணாடி வைத்த ஜன்னலும் தெரிந்தால் படம் சீரமைப்புக்குப் பிந்தையது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரே படத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள்.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துணி நெசவு போலக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வரிகள் தெரிந்தால் அது லினன் கார்டு, பெரும்பாலும் 1930களிலிருந்து 1950களின் தொடக்கம் வரை வந்தவை. சிகாகோவின் கர்ட் டைக் கம்பெனி அச்சடித்தது என்றால் வேலை இன்னும் சுலபம். தபால்தலை இருந்த கட்டத்திலோ படத்தின் ஓரத்திலோ பொடி எழுத்தில் '5ஏ-ஹெச்' என்பது போல ஒரு எண் இருக்கும், லென்ஸ் வைத்துத் தேடுங்கள். ஏ என்றால் 1930கள், பி 1940கள், சி 1950கள், முன்னால் நிற்கும் எண் வருடத்தின் கடைசி இலக்கம். 5ஏ என்றால் 1935. இது அச்சான வருடம், எழுதியது பிறகும் இருக்கலாம். அந்தக் காலத்து மிஷன் டாக்டர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை நீண்ட லீவில் ஊருக்குப் போய் வருவார்கள், அதனால் கடித வரிகளையும், பாட்டி எந்த வார்டில் எப்போது இருந்தார் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், வருடம் கிட்டத்தட்ட பிடிபடும்.

விலை? பெரிதாகப் போகாது. இந்த மாதிரி கார்டுகள் ஏராளமாக அச்சானவை, உங்களுடையதில் தபால்தலையும் இல்லை. ஆனால் பின்பக்கம் உங்கள் பாட்டிக்கு என்று கைப்பட எழுதிய அந்த நாலு வரி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், தயவுசெய்து விற்காதீர்கள்.

இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பிரிண்ட் போட்டு அதை மாட்டுங்கள். அசலைப் பாலியஸ்டர் உறையில் (துணி அல்ல, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் ஃபிலிம்) போடுங்கள். கடையில் கிடைக்கும் வாசனை அடிக்கும் பிவிசி கவர் ஆகாது, வேலூர் வெயிலில் அது பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். பிய்ந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். வெயில் காயும் சுவரை ஒட்டிய அலமாரியும், பரணும் வேண்டாம்.