பக்கத்துப் பையனை ஏன் பிரித்தீர்கள்?

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். தினமும் 20 நிமிடம் மௌன வாசிப்பு. ஒரு பையனால் வகுப்பே கெடுகிறது. பெஞ்சைத் தட்டுகிறான், பென்சிலை உருட்டுகிறான், அடிக்கடி பாத்ரூம் கேட்கிறான். முன்பெல்லாம் பக்கத்துப் பையன் அவனுக்குக் குசுகுசுவென்று படித்துக் காட்டுவான். பேச்சு கூடாது என்று இருவரையும் பிரித்து உட்கார வைத்தேன். அதற்கப்புறம் சேட்டை கூடிவிட்டது. முட்டி போட வைத்தும் பயனில்லை. பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், கவனிப்பதில்லை. என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, பக்கத்துப் பையன் படித்துக் காட்டியதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு இன்னொருவன் எதற்காகப் படித்துக் காட்ட வேண்டும்? இதை நீங்கள் யோசிக்கவே இல்லையே, அதுதான் எனக்குக் கோபம்.

அவனுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. அவன் சிநேகிதனுக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை. அவன் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரே கதையையும் பேச்சு என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். எழுத்துக் கூட்டவே திணறுகிறவன் கையில் புத்தகத்தைக் கொடுத்து அசையாமல் உட்கார் என்றால் பென்சிலைத்தான் உருட்டுவான். படிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிடச் சேட்டைக்காரன் என்று பெயர் வாங்குவது அவனுக்கு எவ்வளவோ மேல்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2019இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு 2020 மார்ச்சில் பள்ளியை மூடிவிட்டார்கள். தொடக்க வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இரண்டாம் வகுப்பு என்று ஒன்று அவனுக்கு நடக்கவே இல்லை. 2022இல் எழுத்தையும் எண்ணையும் அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது அது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அவன் அப்போது நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டான். இப்படி நடுவில் விழுந்தவர்கள் உங்கள் வகுப்பில் அவன் ஒருவனாக மட்டும் இருக்க மாட்டான். சத்தம் போடாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களையும் பாருங்கள்.

முட்டி போட வைப்பதை இன்றோடு விடுங்கள். உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் படிக்கத் தெரியாததற்கு முட்டி போட வைப்பது பாவம்.

யாரும் இல்லாத நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நாலு வரி படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். 'க', 'கா' வரைக்கும் ஓடிவிட்டு, முன்னால் கொம்பும் பின்னால் காலும் வருகிற 'கொ', 'கோ'வில் தடுக்கி விழுகிற பிள்ளைகள் நிறைய. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துச் சொல்வார்கள். திருத்த அவசரப்படாதீர்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஆரம்பித்து தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பள்ளிக் கல்வித் துறை போட்ட சின்னக் கதைப் புத்தகங்கள், 'வாசிப்பு இயக்க'ப் புத்தகங்கள், உங்கள் பள்ளிக்கு வந்திருக்குமே? நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். 'நுழை' புத்தகத்தை அவனிடம் மட்டும் நீட்டினால் மானம் போகும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள். அதற்குத் தயார் செய்கிறேன் என்று அவன் சின்னப் புத்தகத்தைத் தைரியமாகக் கையில் எடுப்பான். அந்த 20 நிமிடமும் நீங்களும் புத்தகத்தோடு உட்காருங்கள், செல்போன் வேண்டாம்.

பெற்றோரையும் நான் விடப்போவதில்லை. கூலி வேலை என்பதற்காகப் பெற்ற கடமை தள்ளுபடி ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் ராத்திரி அடுப்படியில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, படி கேட்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் புகார் சொல்ல மட்டுமே கூப்பிட்டால் யார் வருவார்கள்? அவன் முதல் கதையை முழுசாகப் படிக்கிற அன்றைக்கு அவன் அம்மாவை வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே அந்த இரண்டு பையன்களையும் பழைய இடத்தில் சேர்த்து உட்கார வையுங்கள்.