நீளம் குறைந்த ஓடுபாதையில் ஜெட் போர் விமானம் இறங்க முடியுமா?

தூத்துக்குடி விமான நிலையத்தின் பழைய ஓடுபாதை அளவில் ஒரு ஜெட் போர் விமானத்தை இறக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், அதைவிடக் குறைந்த தூரத்திலேயே இறக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் பழைய ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர்தான் என்பதால், பாளையங்கோட்டையிலிருந்து போய் விமானம் ஏறிய எங்களுக்குப் பல ஆண்டுகள் ஏடிஆர் போன்ற விசிறி விமானங்களே வாய்த்தன. அமெரிக்காவின் சாதாரண எஃப்-15 போர் விமானத்துக்கோ இறங்குவதற்கு 7,500 அடி, அதாவது ஏறத்தாழ 2,300 மீட்டர் தேவை என்பது கணக்கு. அதையே மாற்றியமைத்து 1988 செப்டம்பரில் முதன்முறையாகப் பறக்கவிட்ட எஃப்-15 எஸ்டிஓஎல்/எம்டிடி (குறைந்த ஓட்டத்தில் ஏறி இறங்கும் நுட்பத்தைச் சோதிப்பது என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கம்) என்ற சோதனை விமானம், 1,650 அடியில், அதாவது சுமார் 500 மீட்டரில் இறங்கி நின்றது.

போர் மூண்டால் எதிரி முதலில் குண்டு போடுவது ஓடுபாதையில்தான். குழிகளுக்கு நடுவே தப்பிய துண்டுப் பாதையை வைத்தே சமாளிக்க வேண்டும் என்பதால், 1,500 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட ஈரமான பாதையில், இரவிலும் இறங்க வேண்டும் என்று அமெரிக்க விமானப்படை இலக்கு வைத்தது. எஃப்-15இன் இறக்கை விரிப்பே 43 அடி என்பதை நினைத்தால், விமானி எவ்வளவு துல்லியமாக இறங்கியாக வேண்டும் என்பது விளங்கும்.

விமானத்தின் முன்பகுதியில் எஃப்/ஏ-18 என்ற இன்னொரு போர் விமானத்தின் வால்சிறகுகளைக் கொண்டு இரண்டு சிறு முன்சிறகுகளைப் பொருத்தினார்கள். ஆனால், என் பார்வையில் உண்மையான சாதனை எஞ்சினின் அனல் பின்புறம் வெளியேறும் வாயான நாசிலில்தான் இருக்கிறது. வட்டமாக இருந்த நாசிலைச் செவ்வகமாக்கி, வெளியேறும் அனலை 20 பாகை வரை மேலும் கீழும் திருப்பும்படி செய்ததால், மூக்கைச் சீக்கிரம் தூக்கிக் குறைந்த ஓட்டத்திலேயே மேலெழ முடிந்தது. இறங்கும்போது நாசிலின் பின்வாயை அடைத்துவிட்டு, மேலும் கீழும் உள்ள தகடுகள் வழியே அனலை முன்னோக்கித் திருப்பினார்கள். சக்கர பிரேக் வழுக்கும் ஈரத் தரையிலும் இந்த எதிர்விசை குறைவதில்லை என்பதே இதன் அருமை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு படையில் பரவாமல் போனதற்கு எடையும் செலவுமே காரணம். பின்னால் வந்த எஃப்-22 போர் விமானம் செவ்வக நாசிலையும் 20 பாகைத் திருப்பத்தையும் வைத்துக்கொண்டது. எதிர்விசை ஏற்பாட்டை மட்டும் வடிவமைப்பின்போதே கைவிட்டார்கள். சோதனை விமானம் 1991இல் பணி முடிந்து நாசாவிடம் போய், பல ஆண்டுகள் வேறு ஆய்வுகளுக்குப் பயன்பட்டது.